வீச்சுச் சான்றிதழ்

பொன்னுரங்கம் நான்காவது முறையாக மாறுதல் மனு கொடுக்கப் போன அன்று, அவர் வேலை பார்க்கும் வாரியம் கோல்ஃப் ஆட்டத்தைத் தத்தெடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவருக்கு அது தெரியாது. மூன்று நாளும் அவர் விடுப்பில் இருந்தார்.

மனுவில் புதிதாக ஒன்றும் இல்லை. கடலோர உவர்நில மேம்பாட்டு வாரியத்தின் மண்டல அலுவலகம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. அங்கே அவர் உதவியாளர். வீடு சிதம்பரத்தில். மனைவி மங்கலத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். வேறு நேரம் கேட்டால் காத்திருப்போர் பட்டியல் ஒரு முழம் நீளம் இருந்தது. ஒரே மகள் வினோதினி ஓசூரில், கைக்குழந்தையோடு. சிதம்பரத்தில் வாரியத்துக்கு ஒரு கிளை அலுவலகம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே ஒரு நாற்காலி ஏழு மாதமாகக் காலி. அதை இவருக்குக் கொடுத்தால், மங்கலத்தைக் காலையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம், பதினோரு மணிக்கு ஓடி வந்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பலாம். முப்பது வருட சர்வீஸில் அவர் அரசாங்கத்திடம் கேட்டது இது ஒன்றுதான்.

நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர் எழிலரசி மனுவைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எல்லாம் கரெக்டா இருக்கு பொன்னுரங்கம். டாக்டர் சர்டிபிகேட் இருக்கு, டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கு. வீச்சுச் சான்று எங்க?"

"இன்னா சான்று மேடம்?"

"வீச்சு. கோல்ஃப் ஸ்விங்கு. சுற்றறிக்கை பாக்கலியா நீங்க?"

சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் இருந்தது. மண்டல இயக்குநர் திருநாவுக்கரசு மலைப்பிரதேசத்தில் ஐந்து நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போயிருந்தார். நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் யாரோ அவர் கையில் ஒரு கோல்ஃப் தடியைக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர், உப்பேறிய நிலமெல்லாம் சீர்படாமல் கிடப்பதற்குப் பணியாளர்களின் மனம் ஒருமுகப்படாததே காரணம் என்று கண்டுபிடித்துவிட்டார். சுற்றறிக்கை தூய தமிழில் இருந்தது. கோல்ஃப் என்பது குழிப்பந்தாட்டம், ஸ்விங் என்பது வீச்சு. மாறுதல் கோருவோருக்கு நூறு மதிப்பெண். பணிமூப்புக்கு இருபது. குடும்பத்தில் தீராத நோய்க்குப் பத்து. இறக்கும் தறுவாயில் இருந்தால், உரிய சான்றுடன், கூடுதலாகப் பதினைந்து. மீதி ஐம்பத்தைந்தும் வீச்சுக்கு. மூன்று மாதப் பயிற்சி, முடிவில் போட்டி. பயிற்சி நாட்கள்: திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணி.

பொன்னுரங்கம் அதைப் படித்துவிட்டு மறுபடி எழிலரசியிடம் போனார்.

"மேடம், அந்த மூணு நாளுதான் எங்க வீட்ல டயாலிசிஸ்."

"அதுக்குதான மாறுதல் கேக்கறீங்க?"

"ஆமா மேடம்."

"மாறுதல் வேணும்னா பயிற்சிக்கு வரணும். பயிற்சிக்கு வந்தா அவுங்ககூட போவ முடியாது. எனக்கும் புரியுது. ஆனா ரூல்ல அதுக்கு எடமில்ல பொன்னுரங்கம். மூணு மாசம் பல்லக் கடிச்சிக்கங்க."

எழிலரசி கெட்ட மனுஷி இல்லை. இதைக் கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமே இல்லை, அதுதான் இதிலுள்ள கஷ்டம்.

மறுநாளிலிருந்து பொன்னுரங்கம் விடிவதற்கு முன் பஸ் பிடித்தார். மங்கலத்தை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடும் வேலையைப் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் ஏற்றுக்கொண்டார். அவருக்கும் முழங்கால் வலி, ஆட்டோ வரைக்கும்தான் வர முடியும். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, படியேறி, படுத்து, நாலு மணி நேரம் கழித்துத் துவண்ட உடம்போடு திரும்பி வருவதெல்லாம் மங்கலம் தனியாகத்தான்.

மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஒரு மூலையில் இருபத்தெட்டுப் பணியாளர்கள் வரிசையில் நின்றார்கள். தடி ஒன்று. குழி கிடையாது, ஏனென்றால் மைதானத்தில் குழி தோண்ட வேறொரு துறையின் அனுமதி வேண்டும். பந்தும் கிடையாது, கொள்முதல் கோப்பு சென்னைக்குப் போயிருந்தது. இயக்குநர் கோப்பில் எழுதினார்: "இடைக்காலமாக, பந்து இருப்பதாகக் கருதி அடிக்கலாம்." அதன்படி ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. பெயர், வீச்சு எண், பந்து சென்றதாகக் கருதப்படும் தூரம், கையொப்பம். முதல் மாத அறிக்கையில், பயிற்சியில் ஒரு பந்தும் தொலையவில்லை என்பது சாதனையாகக் குறிப்பிடப்பட்டது.

பயிற்சியாளர் ராபர்ட், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். முப்பது வருடம் ஹாக்கி சொல்லிக் கொடுத்தவர். நேர்மையான மனிதர் என்பதால் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"சார், எனக்கு ஹாக்கிதான் தெரியும். கோல்ஃப நான் டிவில கூட பாத்ததில்ல."

"அதுலயும் தடி, இதுலயும் தடி," என்றார் இயக்குநர். "அதுலயும் பந்து, இதுலயும் பந்து. அப்பறம் என்ன மாஸ்டர்?"

ராபர்ட் காலத்து ஹாக்கியில் தடி தோளுக்கு மேலே போனால் தப்பு. அந்தப் பழக்கத்தில், யாருடைய தடி தோளைத் தாண்டினாலும் அவர் விசில் ஊதினார். ஊதிய பிறகுதான் இது ஹாக்கி இல்லை என்பது நினைவுக்கு வரும், அதற்குள் தடி இறங்கியிருக்கும். ஒரே மாதத்தில் இருபத்தெட்டுப் பேரும் தோளோடு நிறுத்தி, விறகை ஒதுக்குவது போல வீசக் கற்றுக்கொண்டார்கள். அதற்குக் 'கடலூர் முறை' என்று பெயர் வைத்து இயக்குநர் ஒரு கையேடு அச்சிட்டார். ராபர்ட் முன்னுரையில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பந்து வந்தது. பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் இருப்புப் பதிவேட்டு எண் பெயின்டில் எழுதப்பட்டிருந்தது. முதல் வாரமே இளநிலை உதவியாளர் கார்த்திகேசன் அடித்த ஏழாம் எண் பந்து சாக்கடையில் விழுந்தது. மூன்று பேர் குழு அமைத்து, ஒன்பது நாள் விசாரித்து, சாக்கடை மைதானத்துக்கு மிக அருகில் அமைந்துள்ளது என்று குழு முடிவு சொன்னது. அந்த ஒன்பது நாளும் பயிற்சி இல்லை. ஆனால் வருகைப் பதிவு உண்டு. பொன்னுரங்கம் சிதம்பரத்திலிருந்து வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, காலை ஆறிலிருந்து பத்து வரை மைதானத்துச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்தார். அப்போது மங்கலம் ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருப்பாள் என்பதை நினைக்காமல் இருக்க, சுவரில் ஒட்டிய போஸ்டர்களையெல்லாம் படித்தார்.

இயக்குநர் அடிக்கும் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து டீக்கடைக்குப் போனது. இரண்டு முறை கண்ணாடி டம்ளர் உடைந்தது. தொழில்நுட்பப் பிரிவு ஆராய்ந்து, குழிக்குப் பதிலாக நட்டிருந்த கொடிக் கம்பு தவறான இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தது. கம்பைப் பிடுங்கி டீக்கடைக்குப் பக்கத்தில் நட்டார்கள். அதன் பிறகு இயக்குநரின் குறி தப்பவில்லை.

மங்கலத்துக்கு இந்தக் கதையெல்லாம் கேட்கப் பிடிக்கும். டயாலிசிஸ் படுக்கையில் ஒரு கையில் குழாய் சொருகியிருக்கும், அசைக்கக் கூடாது. மறு கையில் போன். சீரியல் பார்த்துச் சலித்தவள், ஒரு நாள் கோல்ஃப் வீடியோ போட்டுப் பார்த்தாள். அப்புறம் தினமும் பார்த்தாள். நோய் வருவதற்கு முன் இருபது வருடம் ஜாக்கெட் தைத்தவள். ஒரு உடம்பு எந்த இடத்தில் மடங்கும், எந்த இடத்தில் திரும்பும் என்று அவளுக்கு அளவு நாடா இல்லாமலே தெரியும்.

"ஏங்க, உங்க மாஸ்டரு தப்பா சொல்லித் தராரு," என்றாள் ஒரு சாயங்காலம். "நீங்க தோளோட நிறுத்தறீங்க. அந்த வெள்ளக்காரன் பின்னங்கழுத்து வரைக்கும் கொண்டுபோறான்."

"அந்தாளு இங்கிலீஷ்ல பேசறது உனக்குப் புரியுதா?"

"பாஷ புரியலன்னா இன்னா? இடுப்பு புரியுதுல்ல."

வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் கையில் குடை. தரையில் தண்ணீர் பாட்டில் மூடி.

"கைய இறுக்காதீங்க. பல்லி புடிச்ச மாதிரி புடிக்கறீங்க. லூசா புடிங்க. அந்தப் பழைய துண்ட ரெண்டு அக்குள்லயும் இடுக்கிக்கங்க. கீழ வுழக் கூடாது. இப்ப தூக்குங்க. மெதுவா. பஸ்ஸ வுடப் போறீங்களா, இன்னா அவசரம்? இப்ப கைய மறந்துடுங்க, இடுப்பத் திருப்புங்க. ஐய, ஆளோட திரும்பாதீங்க! இடுப்பு மட்டும். அடிச்சி முடிக்கச்சொல்லோ வலது குதிகால் தூக்கியிருக்கணும்."

துண்டு விழுந்தது. அவள் சிரித்தாள். மறுநாளும் விழுந்தது. மூன்றாம் வாரம் விழவில்லை. மூடி பறந்து போய் எதிர்ச்சுவரில் டொக்கென்று அடித்தபோது மங்கலம் கை தட்டினாள், தட்டியதும் ஊசி குத்திய கை வலித்து முகம் சுளித்தாள். அந்த மாதங்களில் அவர்கள் வீட்டில் கிரியேட்டினின் பற்றிய பேச்சு குறைந்து இடுப்பு பற்றிய பேச்சு கூடியது. உண்மையைச் சொன்னால், பொன்னுரங்கம் சந்தோஷமாக இருந்தார். ஆட்டத்தில் அவருக்கு ஆசை வரவில்லை. அவள் அதட்டுவதைக் கேட்க ஆசையாக இருந்தது.

மைதானத்தில் அவர் கடலூர் முறைப்படியே வீசினார். விசிலுக்குப் பயந்து, மங்கலம் சொல்லித் தந்ததைப் போட்டி நாளுக்கு என்று சேர்த்து வைத்திருந்தார்.

போட்டி ஒரு சனிக்கிழமை. ஷாமியானா, மைக், பொன்னாடை எல்லாம் இருந்தன. இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார்.

"நண்பர்களே, நான் இந்த மண்டலத்துக்கு வந்தப்ப ஒம்பதாயிரம் ஏக்கர் உப்பு நிலம் இருந்தது. இன்னிக்கு பதினோராயிரம் ஏக்கர் இருக்கு. சிலர் இத குறையா சொல்றாங்க. நான் கேக்கறேன், நிலத்தப் பாத்தா பந்தப் பாக்க முடியுமா? பந்தப் பாக்கறவன் வேற எதையும் பாக்க மாட்டான். பக்கத்துல ஒருத்தன் விழுந்தாலும் பாக்க மாட்டான். அதுக்குப் பேருதான் ஒருமுகத் திறன். போன வாரம் பிச்சாவரத்துப் பக்கத்துலேர்ந்து நாப்பது விவசாயிங்க என்னைப் பாக்க வந்து மைதானத்துல நின்னாங்க. ரெண்டு மணி நேரம் நின்னாங்க. நான் தலைய நிமித்தல! பந்த மட்டும்தான் பாத்தேன்!"

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் பிடித்தது.

பொன்னுரங்கத்தின் முறை பத்தொன்பதாவதாக வந்தது. அவர் தடியை லேசாகப் பிடித்தார். தோளைத் தாண்டித் தூக்கினார். ராபர்ட் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. இடுப்பு திரும்பியது. பந்து உயரப் போய், வெயிலில் ஒரு கணம் காணாமல் போய், டீக்கடைக் கொடிக் கம்பின் அடியில் வந்து நின்றது. இயக்குநர் திருநாவுக்கரசு எழுந்து நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதருக்கு அந்த ஆட்டத்தின் மேல் இருந்த காதல் உண்மையானது.

முதல் பரிசு. அரசு விழா என்றால் பரிசு வாங்கியவர் ஏற்புரை சொல்ல வேண்டும். பொன்னுரங்கம் வாழ்க்கையில் மைக் பிடித்ததில்லை. பிடித்ததும் மனதில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது.

"இந்தப் பரிசு என் வீட்டுக்காரிக்குச் சேரணும். மங்கலம்னு பேரு. மூணு மாசம், தினமும் சாயங்காலம், அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. அதட்டி அதட்டிச் சொல்லிக் குடுத்தா. அவ இல்லன்னா இது இல்ல."

மறுபடி பெரிய கைதட்டல். எழிலரசி விழா நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். அது அவர் வேலை.

புதன்கிழமை உத்தரவு வந்தது. "மனுதாரர், தமது மனைவி மூன்று மாதம் தொடர்ந்து தமக்குக் குழிப்பந்தாட்டப் பயிற்சி அளித்ததாக அனைவர் முன்னிலையிலும் தெரிவித்துள்ளார். விளையாட்டுப் பயிற்சி அளிக்கும் அளவுக்கு மேற்படியார் நல்ல உடல்நலத்துடன் உள்ளார் என இவ்வலுவலகம் முடிவு செய்கிறது. எனவே நோய்க்குரிய மதிப்பெண்கள் திரும்பப் பெறப்படுகின்றன. மேலும், மனுதாரரின் வீச்சு மண்டல அலுவலகத்துக்கு இன்றியமையாதது. மாறுதல் மனு நிராகரிக்கப்படுகிறது." சிதம்பரத்து நாற்காலி கார்த்திகேசனுக்குப் போயிற்று. வீச்சில் முன்னேறும் வாய்ப்பே இல்லாதவர் என்று அவரைப் பற்றிக் குறித்திருந்தார்கள்.

பொன்னுரங்கம் உத்தரவை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், அவ நாற்காலில உக்காந்துகிட்டு வாயாலதான் சார் சொன்னா. எழுந்து நாலு அடி நடந்தா மூச்சு வாங்கும் சார்."

"தெரியும் பொன்னுரங்கம். எனக்கு மனசு கேக்கல," என்றார் இயக்குநர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். "ஆனா அந்த ஸ்விங்க நான் எப்படி சிதம்பரத்துக்கு அனுப்புவேன், நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமைலேர்ந்து நீங்கதான் எனக்கு கோச். அப்பறம் ஒண்ணு. என் பந்து ஏன் வலது பக்கமே போவுதுன்னு உங்க ஒய்ஃப்கிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். வீடியோ எடுத்து அனுப்பறேன்."

அன்று சாயங்காலம் மங்கலம் உத்தரவை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். காலையில் டயாலிசிஸ் முடித்து வந்தவள், முகம் வெளுத்திருந்தது.

"நல்ல உடல்நலத்துடன் உள்ளார்னு போட்டிருக்கு."

"விடு மங்கலம்."

"சீலு குத்தியிருக்கு, கையெழுத்து இருக்கு. கவர்மெண்டே சொல்லிடுச்சி. அப்ப வெள்ளிக்கெழம நான் போவ வேணாமில்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அப்படிச் சிரித்ததற்காக அவர் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு பொன்னுரங்கம் மைதானத்தில் இயக்குநரின் இடுப்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் சிதம்பரத்தில் ஆட்டோ வந்து நின்றது. மங்கலம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாளு இருக்கட்டும்க்கா. தனியா அந்தப் படி ஏற முடியல, காலு வரல. திங்கக்கெழம போயிக்கறேன். அவுருகிட்ட சொல்லாதீங்க, பஸ்ல வரச்சொல்லோ அழுதுகிட்டே வருவாரு."

ரத்தினம்மாள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மங்கலத்துக்கு மூச்சு முட்டியது. கால் வீங்கியிருந்தது. ஆட்டோவில் பொன்னுரங்கத்தின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவள், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை நடந்ததை ரத்தினம்மாள் அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

ராபர்ட் மாலையோடு வந்து கடைசி வரை நின்றார். புதன்கிழமை மைதானத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. இருபத்தேழு பேரும் இரண்டு நிமிடம் தலை குனிந்து நின்றார்கள். நம் வாரியம் சம்பளம் வாங்காத ஒரு பயிற்சியாளரை இழந்துவிட்டது என்று இயக்குநர் பேசினார். குரல் உடைந்து பாதியில் நிறுத்தினார். பிறகு பயிற்சி தொடங்கியது.

குடும்ப மருத்துவக் காப்பீட்டிலிருந்து பெயர் நீக்குவதற்காக இறப்புச் சான்றிதழைக் கொடுத்தபோது பொன்னுரங்கத்துக்கு ஒரு குறிப்பாணை வந்தது. நல்ல உடல்நலத்துடன் உள்ளார் என இவ்வலுவலகத்தால் புதன்கிழமை முடிவு செய்யப்பட்ட நபர், தொடர்ந்து வந்த ஞாயிற்றுக்கிழமை இறந்தது எவ்வாறு என ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்.

எழிலரசி அதைக் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரே கோப்புல ரெண்டும் இருக்கு பொன்னுரங்கம். நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க. ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க, முடிச்சி விட்டுடறேன்."

பொன்னுரங்கம் அவர் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். ஒரு வெள்ளைத் தாள் வாங்கினார். முப்பது வருடம் எழுதிய கை என்பதால் எழுத்து கோணவில்லை.

"ஐயா, மேற்படி உத்தரவை என் மனைவி மங்கலம் புதன்கிழமை மாலை ஒரு வரி விடாமல் படித்தார். வெள்ளிக்கிழமை அந்த உத்தரவின்படி நடந்துகொண்டார்."

எழிலரசி அதை இரண்டு முறை படித்தார். தண்ணீர் குடித்தார். உத்தரவை மீறியதாக அதில் எதுவும் இல்லை. விளக்கம் ஏற்கப்பட்டு, கோப்பு அன்றே முடிக்கப்பட்டது.